ஸரந்தீபின் கறுப்புக்கல்லும் அதற்குள் இருந்த ஈயமும்

என் உம்மாவின் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கம் பழைய இரும்பு, பித்தளை, ஈயம் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். இரும்பு கொழும்புக்குப் போகும். பித்தளை பாத்திரக்காரரிடம் போகும். ஈயம் மட்டும் ஊரை விட்டு வெளியே போகாது. குருநகரிலும் நாவாந்துறையிலும் வலைக்கு ஈயக்குண்டு கட்டுவதற்கு எப்போதும் ஆள் கேட்டு நிற்கும். பழைய பற்றரித் தகட்டில் உருக்கியதா, குழாயில் வெட்டியதா என்றெல்லாம் அவர் விசாரிக்கமாட்டார். நகத்தால் ஒரு கீறல், கடதாசியில் ஒரு கோடு, பிறகு தராசு. "காரீயம் எந்த ஊருல எடுத்தாலும் காரீயந்தான் மகன். இரும்புலதான் நூறு சாதி. ஈயத்துல ஒரே சாதிதான்" என்பார்.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னதைத்தான் ஐரோப்பாவின் இரசாயனவியலாளர்கள் எல்லாரும் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறை கொண்டவை என்பது 1808 இல் ஜோன் டால்ற்றன் தமது நூலில் வைத்த கொள்கை. அதன்மேல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயனம் முழுவதும் கட்டப்பட்டது. ஈயத்தின் அணுநிறை 207 சொச்சம் என்றால் ஸ்பெயின் சுரங்கத்து ஈயத்துக்கும் அதுதான், பர்மாச் சுரங்கத்து ஈயத்துக்கும் அதுதான்.

அந்த நம்பிக்கையை உடைத்தவற்றுள் ஒன்று ஒரு சிறிய ஈயக் கட்டி. அது எடுக்கப்பட்ட கல் இலங்கைக் கல். நான் பள்ளிக்கூடத்தில் 'சமதானிகள்' என்ற பாடத்தைப் படித்துப் பரீட்சையும் எழுதினேன். பாடத்தில் ஒக்ஸ்போர்ட் வந்தது, ஹார்வர்ட் வந்தது. இலங்கை வரவில்லை. அதைத் தேடி வாசித்தது நெடுங்காலத்துக்குப் பிறகு, புத்தளத்தில் இருந்த நாட்களில்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இந்தக் கல்லுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எங்கள் நிலத்தில் கிணறு வெட்டினால் வருவது சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்த, நிலவியற் கணக்கில் இளைய கல். 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் அதை நம்பித்தான். அதற்குள் இரத்தினமும் இல்லை, அபூர்வ உலோகமும் இல்லை. கறுப்புக்கல் கிடந்தது இருநூறு மைலுக்கு அப்பால், சப்ரகமுவ மலையடிவாரத்துச் சேற்றில். ஆனால் அதைப் பற்றி முதலில் எழுதிய மனிதரின் வேர் எங்கள் குடாநாட்டில் இருந்தது.

ஆனந்த குமாரசுவாமி என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது நடராசர் சிலையும் கீழைத்தேயக் கலையும். அவர் முதலில் நிலவியலாளர். பாட்டனார் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போனவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி சட்டசபை உறுப்பினர், தாய் ஆங்கிலப் பெண்மணி. 1877 இல் கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன் தந்தை காலமாகிவிட, வளர்ந்தது முழுக்க இங்கிலாந்தில். இலண்டன் யுனிவர்சிட்டிக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்து 1900 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயக் கனியத்தையும், அதாவது பென்சிலுக்குள் போகும் அந்தக் கரியை, பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டன் நிலவியற் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளர் அவரே.

எங்கள் வாசகர்களுக்கு ருசிக்கக்கூடிய ஒரு தகவல். 1903 இல் அவரும் பிரித்தானிய அரும்பொருட்சாலையின் ஜி. ரி. பிரையரும் சேர்ந்து கண்டிப் பக்கத்தில் கிடைத்த ஒரு நீலப் பச்சைக் கனியத்தை விவரித்தார்கள். அதற்குமுன் உலகில் எங்கும் பதிவாகாத ஒன்று. பெயர் வைக்கவேண்டிய இடத்தில் இங்கிலாந்துப் பெருமகன் யாருடைய பெயரையும் வைக்கவில்லை. அரபு மாலுமிகள் இந்தத் தீவை அழைத்த பெயரையே வைத்தார்கள்: ஸெரண்டிபைற்று. ஸரந்தீப் என்ற சொல் இன்றைக்கும் கனியங்களின் உலகப் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

இனிக் கறுப்புக்கல். மாணிக்கக் குழிக்குள் இறங்கினவர்களுக்குத் தெரியும், இரத்தினக்கல் கிடப்பது 'இல்லம்' என்ற சரளைப் படையில். இல்லத்தை அள்ளி மேலே கொண்டுவந்து, நீரோடையில் நின்று, பிரம்பு வட்டியில் போட்டுச் சுற்றிச் சுற்றிக் கழுவுவார்கள். (வட்டி என்றதும் ரிபாவை நினைத்துவிடவேண்டாம், இது கூடை.) மண்ணும் இலேசான கல்லும் தண்ணீரோடு போய்விடும். பாரமானதெல்லாம் அடியில் தங்கும். அந்த அடிக்கல்லுக்குள் கண் வைத்து நீலத்தையும் புருடராகத்தையும் பொறுக்கி எடுப்பார்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். கொட்டப்பட்டதில் கறுப்பான, சின்னஞ்சிறு சதுரக் கற்கள் இருந்தன. அளவுக்கு மீறிய பாரம், ஒளி ஊடுருவாது, பட்டை தீட்ட ஏலாது. எனவே குப்பை.

கல்லைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிட்டது குழிக்காரர் மட்டுமல்ல. இப்னு பதூதா 1344 இல் இந்தத் தீவுக்கு வந்தபோது பத்தாலாவில், அதாவது புத்தளத்தில், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். மன்னனிடம் உள்ளங்கையளவு மாணிக்கக் கிண்ணம் ஒன்றைப் பார்த்ததாகவும் அதில் அகில் எண்ணெய் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய மாணிக்கத்தைக் குடைந்து கிண்ணம் செய்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது. சிவப்பாக மினுங்கும் கல் உலகில் ஒன்றா இரண்டா? ஸ்பினல் சிவப்பு, கார்னெற் சிவப்பு. அவற்றுக்குள் இருக்கும் பொருள் வெவ்வேறு. அன்று கிண்ணத்தைக் கண்ணால் பார்த்தவர் இருந்தார், தராசில் வைத்தவர் இல்லை.

பலாங்கொடைப் பக்கம் கழுவிய கல்லில் இந்தக் கறுப்புச் சதுரங்களை ஹொலண்ட் என்பவர் கவனித்து எடுத்தார். அவை குமாரசுவாமியின் கைக்கு வந்தன. நிறம், பாரம், கனசதுரப் பளிங்குருவம் மூன்றையும் வைத்து, இது யுரேனினைற்று, அதாவது யுரேனியம் கொண்ட கல் என்று அவர் முடிவு செய்தார். தப்பான முடிவு. ஆனால் முட்டாள்தனமான முடிவு அல்ல. இரண்டு கல்லும் பளிங்குருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி. வெளியே நின்று பார்த்து வித்தியாசம் சொல்ல வழியே இல்லை. அவர் செய்த கெட்டிக்காரத்தனம், மாதிரியை இலண்டனுக்கு அனுப்பியது. குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களைச் சோதிக்கும் இம்பீரியல் இன்ஸ்ரிரியூட் அங்கே இருந்தது. அதன் பணிப்பாளர் விண்டம் டன்ஸ்ரன் இரசாயனவியலாளர்.

கல்லைப் பகுப்பாய்வு செய்வது என்றால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போது கருவிக்குள் வைத்தால் எண் கணினித் திரையில் வந்து நிற்கும். அன்றைக்கு முழுவதும் கைவேலை, முழுவதும் தராசு. கல்லை அகேற் உரலில் மாவாக அரைக்கவேண்டும். மாவை நிறுத்து நைத்திரிக்கமிலத்தில் போட்டால் இந்தக் கல் கரையும், கூடவே வாயுக் குமிழி வரும். கரைசலுக்குள் ஐதரசன் சல்பைட்டைச் செலுத்துவார்கள். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயுதான், பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பக்கம் போன யாருக்கும் மறக்காது. ஈயம் இருந்தால் கறுப்பாக வீழ்படியும். அதை வடித்து, கழுவி, சல்பூரிக்கமிலத்தால் வெள்ளைச் சல்பேற்றாக மாற்றி, புடக்குகையில் சூடாக்கி, ஆறவைத்து நிறுப்பார்கள். மிஞ்சிய கரைசலில் ஒட்சாலிக்கமிலம் சேர்த்தால் தோரியமும் அதன் கூட்டாளிகளும் கீழே இறங்கும். யுரேனியம் மேலே கரைசலில் நிற்கும். அதற்கு வேறு வழி. ஒவ்வொரு படியிலும் வடிதாளில் ஒட்டிய தூள்கூடக் கணக்கில் வரவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்குப் பக்கத்தில் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று தப்பிப்போய்விட்டது என்று அர்த்தம், திரும்பவும் அரைக்கவேண்டியதுதான்.

டன்ஸ்ரனின் கணக்கு வந்தபோது யுரேனியம் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. கல்லில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு. யுரேனிய ஒட்சைட்டு பன்னிரண்டை ஒட்டித்தான். மிச்சத்தில் சீரியம், லந்தனம் முதலிய அருமண் மூலகங்கள், இரும்பு, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈயம். 1904 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. புதிய கனியம், பெயர் தோரியனைற்று.

இலண்டனில் ஏன் இவ்வளவு ஆரவாரம் என்று கேட்டால், பதில் எங்கள் வீட்டுக் கலியாணங்களிலேயே இருக்கிறது. பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டும் மென்டிலை ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை எரித்ததும் துணி போய்ச் சாம்பல் வலையாக நிற்குமே, அந்தச் சாம்பல் தோரியம் ஒட்சைட்டு, நூற்றுக்கு ஒரு பங்கு சீரியத்தோடு. 1890களில் ஒஸ்திரியாவின் அவுவர் பொன் வெல்ஸ்பாக் கண்ட கலவை அது. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகள் எல்லாம் அந்த மென்டிலில் எரிந்த காலம். தோரியம் செறிந்த கல் என்றால் காசு. நேற்றுவரை ஓடையில் கொட்டிய கல்லுக்கு விலை வந்தது.

காசைவிடப் பெரிய காரியம் ஒன்று வேறு பக்கத்தில் நடந்தது. குமாரசுவாமி படித்த அதே யுனிவர்சிட்டிக் கல்லூரியில் வில்லியம் றம்சே இரசாயனப் பேராசிரியர். 1904 இலையுதிர் காலத்தில் ஜேர்மனியிலிருந்து ஒட்டோ ஹான் என்ற இளைஞர் அங்கே வந்தார். ஆங்கிலம் படித்துக்கொண்டு திரும்பிப் போய்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பது அவர் திட்டம். கதிர்த்தொழிற்பாடு பற்றி ஒன்றும் தெரியாது. றம்சே அவரிடம் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, இதற்குள் இருக்கும் ரேடியத்தைப் பிரித்துத் தா என்றார். ஹான் பிரித்துக்கொண்டு போனபோது ரேடியம் அல்லாத, அதுவரை யாரும் அறியாத ஒரு கதிர்வீசும் பொருள் கையில் பட்டது. 1905 இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். தொழிற்சாலை வேலை கைவிடப்பட்டது. 1938 இல் யுரேனிய அணுவின் பிளவைக் கண்ட அதே ஹான்தான் இவர். அவருடைய முதல் அடி பலாங்கொடைச் சேற்றில் விழுந்த அடி என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவு பேரும் தோரியத்தையும் ரேடியத்தையும் துரத்த, கல்லில் அற்பமாகக் கிடந்த ஈயத்தை யோசித்தவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பேர்ட்ரம் போல்ற்வூட். யுரேனியம் உள்ள கல்லில் எல்லாம் ஈயமும் இருக்கிறது, பழைய கல்லில் கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் நிற்கும் இடம் ஈயமாகத்தான் இருக்கவேண்டும். யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று நிறுத்துவிட்டால் கல்லின் வயதையே சொல்லலாம். 1907 இல் அவர் பல நாட்டுக் கற்களின் வயதைக் கணக்கிட்டு வெளியிட்டார். ஆகக் குறைந்தது 41 கோடி ஆண்டு. ஆகக் கூடியது 220 கோடி. அந்த 220 கோடி யாருடையது? இலங்கைத் தோரியனைற்றுடையது.

உலகத்திலேயே பழைய கல் என்ற பட்டம் எங்கள் தீவுக்குக் கிடைத்திருந்தது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் கணக்குப் பிழை. கல்லில் இருந்த ஈயம் முழுவதையும் போல்ற்வூட் யுரேனியத்தின் பெயரில் எழுதிவிட்டார். யுரேனியத்தைப்போல ஐந்தாறு மடங்கு தோரியம் பக்கத்திலேயே இருந்தது. அதுவும் ஈயமாக மாறும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தோரியத்தின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் வயது நாலில் ஒன்றாக இறங்கும். இன்றைய அளவீடுகளில் இலங்கையின் இந்த வகைக் கனியங்கள் 50, 55 கோடி ஆண்டை ஒட்டியே நிற்கின்றன. கல்லை நிறுத்ததில் பிழை இல்லை. நிறுத்த ஈயத்துக்கு வாப்பா யார் என்பதில்தான் பிழை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் பிரெடெரிக் சொடி. கிளாஸ்கோவில் இருந்தார், 1914 இல் அபர்டீன் போனார். அவருடைய கணக்கைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லலாம். தோரியத்தின் அணுநிறை 232. அது சிதையும்போது ஆறு ஹீலியம் அணுக்களை வெளியே தள்ளுகிறது. ஒன்று 4 வீதம் மொத்தம் 24. மிச்சம் 208. யுரேனியம் 238. எட்டு ஹீலியம் போனால் மிச்சம் 206. இரண்டும் வந்து நிற்பது ஈயம் என்ற ஒரே இடத்தில். அப்படியென்றால் 208 நிறையுள்ள ஈயமும் 206 நிறையுள்ள ஈயமும் இருக்கவேண்டும், எந்த அமிலத்தாலும் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க முடியாது. கடைத்தெருவில் விற்கும் ஈயத்தின் 207.2 இரண்டுக்கும் இடையில் விழுந்த கலவை.

தாளில் இது அழகான கணக்கு. நிரூபிக்க வேண்டுமானால் யுரேனியம் அதிகம் கலக்காத, தோரியம் மட்டும் பெருமளவில் உள்ள கல் வேண்டும். தோரியனைற்றில் யுரேனியம் கூட. ஆனால் அதே இலங்கைச் சரளையில் தோரைற்று என்ற இன்னொரு கல் இருந்தது. தோரியம் சிலிக்கேற்று. யுரேனியம் மிகக் குறைவு. அதில் ஈயம் நூற்றுக்கு அரைப்பங்கைக்கூடத் தொடாது, ஆகையால் கிலோக் கணக்கில் கல்லைக் கரைத்துத்தான் கையில் பிடிக்கிற அளவு ஈயம் எடுக்கவேண்டும். சொடி கரைத்தார். ஹைமன் என்பவரோடு சேர்ந்து 1914 இல் முதல் எண்ணை வெளியிட்டார். இலங்கை ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரம் என்பது தெரிந்தது.

அணுநிறையைக் காணும் வழி நுணுக்கமானது. ஈயத்தைக் குளோரைட்டாக்கி, அதிலுள்ள குளோரின் முழுவதையும் பிடிக்க எவ்வளவு வெள்ளி தேவை என்று நிறுப்பது அக்காலத்து நியமமான முறை. ஒரு தூசி கலந்தாலும் விடை கெடும். எனவே சொடி இன்னொரு வழியும் பார்த்தார். இரண்டு ஈயமும் அணுவின் பருமனில் ஒன்றென்றால், கூடிய நிறையுள்ளது கூடிய அடர்த்தியாக இருக்கவேண்டும். இலங்கை ஈயத்தை உருக்கி வார்த்து, நீரில் அடர்த்தி பார்த்தார். சாதாரண ஈயத்தைவிட நூற்றுக்கு 0.26 பங்கு கூடுதல். அதிலிருந்து கணக்கிட்ட அணுநிறை 207.74.

இந்த இடத்தில் அல்பீரூனியை நினைக்காமல் போக முடியவில்லை. கஸ்னாவில் வாழ்ந்து 1048 இல் மறைந்த அந்தப் பெரியவர், மூக்கு வைத்த கூம்புப் பாத்திரம் ஒன்றைச் செய்து, மூக்கு மட்டத்துக்கு நீர் நிரப்பி, உலோகத்தை உள்ளே போட்டு, வழிந்த நீரை நிறுத்தார். பொன், பாதரசம், ஈயம், வெள்ளி, செம்பு, இரும்பு, பிறகு யாகூத் முதலான கற்கள். ஈயத்துக்கு அவர் கண்ட எண் இன்றைய எண்ணிலிருந்து நூற்றுக்கு ஒன்றளவுகூட விலகாது. இரத்தினங்களைப் பற்றிய 'கிதாபுல் ஜமாஹிர்' நூலில் ஸரந்தீபும் வருகிறது. சொடி செய்ததும் அடிப்படையில் அதே வேலைதான். அதற்காக, சமதானிகளைக் கண்டுபிடித்தது பீரூனி என்று நாளைக்கு யாரும் மீலாத் மேடையில் பேசிவிடக்கூடாது. அவர் பாத்திரம் நூற்றில் ஒன்றைப் பிடித்தது. சொடிக்குத் தேவைப்பட்டது நானூற்றில் ஒன்றைப் பிடிக்கிற கருவி. அந்த இடைவெளியில் எண்ணூறு வருடத்து வேலை கிடக்கிறது. அந்த வேலையில் எங்கள் ஆட்களின் பங்கு ஏன் பாதிவழியில் நின்றது என்பது வேறு கட்டுரைக்குரியது.

உம்மாவின் வாப்பாவின் தராசையும் நினைத்துப் பார்த்தேன். ஒரே அச்சில் இரண்டு ஈயக்குண்டு வார்த்து, ஒன்று சாதாரண ஈயம், மற்றது இலங்கைத் தோரைற்று ஈயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறாத்தலுக்கு வித்தியாசம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். அவர் தராசில் முள் அசைந்திருக்காது. அசைந்தாலும் காற்று என்றிருப்பார்.

மற்ற ஆய்வுகூடங்களும் சும்மா இருக்கவில்லை. ஹார்வர்டில் தியோடர் றிச்சர்ட்ஸ் யுரேனியக் கற்களின் ஈயத்தை அளந்தார். அது சாதாரண ஈயத்தைவிட இலேசு, 206 பக்கம் சாய்ந்தது. இலங்கைத் தோரைற்றின் ஈயத்தை ஒட்டோ ஹொனிக்ஷ்மிட் தனியாக அளந்து 207.77 என்றார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சொடியின் நாடும் ஹொனிக்ஷ்மிட்டின் நாடும் எதிரெதிர் அணி. எண்ணில் இருந்த வித்தியாசம் 0.03. சொடிக்கு 1921 ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

ஒரே இடத்தில் நிற்கிற, நிறை வேறான இந்த அணுக்களுக்குப் பெயர் தேடியபோது மார்கரெட் ரொட் என்ற வைத்தியப் பெண்மணி கிரேக்கத்தில் 'ஒரே இடம்' என்ற பொருளில் ஐசோரோப் என்ற சொல்லைச் சொடிக்கு எடுத்துக் கொடுத்தார். 1913 இல் அது அச்சேறியது. இலங்கைப் பாடநூல்களுக்குத் தமிழாக்கியவர்கள் அதைச் 'சமதானி' என்றார்கள். சம தானம். நல்ல சொல். பெட்டியில் கட்டம் ஒன்று, வந்த வழி வேறு.

இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு விவாதம் ஞாபகம் வரும். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். மொழியும் பழக்கமும் ஒன்று, எனவே கட்டமும் ஒன்று என்பது அவர் தர்க்கம். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் வரலாற்றை முன்வைத்து அதை மறுத்து நூல் எழுதினார். இராமநாதன் ஆனந்த குமாரசுவாமிக்கு அத்தை மகன், மச்சான் முறை. ஒருவர் மனிதரையும் மற்றவர் கல்லையும் வெளித்தோற்றம் பார்த்து வகைப்படுத்தினார்கள். கல் விஷயத்தில் மாதிரியை அனுப்பிச் சோதிக்கிற பணிவு இருந்தது. மனிதர் ஈயம் அல்ல, இந்த உவமையை இதற்குமேல் இழுத்தால் கிழிந்துபோகும். விட்டுவிடுகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்தக் கதையில் இதுவரை நான் எழுதிய பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஹொலண்ட், டன்ஸ்ரன், றம்சே, ஹான், போல்ற்வூட், சொடி. குடாநாட்டு வேரோடு குமாரசுவாமி ஒருவர். கரைப்பதற்குக் கிலோக் கணக்கில் தோரைற்று கிளாஸ்கோவுக்குப் போயிற்றென்றால், மணி மணியாக அதைப் பொறுக்கியது யார்? கறுப்புக்கல்லை வேறாக எடுத்துவை, அதற்கும் ஆள் வந்திருக்கிறது என்று குழிக்காரரிடம் சொன்னது யார்? சப்ரகமுவ இரத்தினக்கல் வியாபாரத்தில் எங்கள் ஆட்கள் எந்த இடத்தில் இருந்தார்கள் என்று பேருவளையிலும் இரத்தினபுரியிலும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் தாளில் ஒரு பெயரும் இல்லை.

குப்பை என்று கொட்டியதில் அற்ப உலோகம் வேலை காட்டுவது அத்தோடு முடியவுமில்லை. கெவுடா என்ற பால்நிறக் கல்லை நாங்கள் பாதைக்குப் போடும் சரளைபோல நினைத்திருந்த காலம் உண்டு. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே பெருஞ்சூட்டில் வாட்டினால் பால்நிறம் போய் நீலமாகிறது. அந்தப் பால்நிறம் கல்லுக்குள் ஊசி ஊசியாகக் கிடந்த தைத்தேனியம் ஒட்சைட்டு. சூட்டில் அது கரைந்து இரும்போடு சோடி சேர்ந்தால் நீலம். இரண்டும் கல்லில் இருப்பது பத்தாயிரத்தில் சில பங்குதான். அந்தச் சில பங்கை அளந்து அறிந்தவர் கையில் விலை இருந்தது. பிறகு எங்கள் ஆட்களும் சூளை போடப் பழகினார்கள், பிந்தித்தான்.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. பேருவளை, பலாங்கொடை, இரத்தினபுரி, காலிப் பக்கத்து இரத்தினக்கல் குடும்பங்களில் 1904 க்கும் 1915 க்கும் இடைப்பட்ட கணக்குப் புத்தகமோ கடிதமோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடவேண்டாம். அரபுத்தமிழில் எழுதியிருப்பார்கள், வாசிக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகள் பழைய தாளோடு போட்டுவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தேடவேண்டியது நீலத்தின் கணக்கை அல்ல. கறுப்புக்கல், பாரக்கல் என்று ஏதாவது வரி, இறாத்தல் கணக்கில் விலை, வாங்கின வெள்ளைக்காரக் கம்பனியின் பெயர். ஒரு வரி போதும்.

எங்கள் பக்கம் தேடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உம்மாவின் வாப்பாவின் கணக்குப் புத்தகங்கள் பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தன, சிவப்புத் துணி அட்டை, அவருடைய எழுத்து முழுவதும் அரபுத்தமிழ். யாரிடம் எத்தனை இறாத்தல் ஈயம் வாங்கினார், யாருக்குக் கடன் கொடுத்தார் என்றெல்லாம் அதில் இருந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று தந்த இரண்டு மணித்தியாலத்தில் உம்மா எடுத்தது குர்ஆனையும் கைக்குழந்தையையும். தராசு மேசையில் இருந்தது, புத்தகங்கள் அலுமாரிக்குள் இருந்தன. 2010 இல் நான் போய்ப் பார்த்தபோது கடை இருந்த இடத்தில் சுவரும் இல்லை.